கை என்றால் எந்தக் கை

தையலக்காவுக்கு இரண்டு கையும் விளங்காமல் போய்விட்டதாம் என்று என் மனைவி சொன்னாள். அவளுக்குச் சொன்னது கீழ்த்தளத்துச் சலவைக்கடைக்காரம்மா. சலவைக்கடைக்காரம்மாவுக்குச் சொன்னது எதிர்க் கட்டடத்துப் பால்கனிக்காரர். கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். விடிந்தும் விடியாமலும் அக்கா எங்கள் மொட்டை மாடியில் வந்து நிற்கிறாராம். இரண்டு கையையும் பசை போட்டு ஒட்டினதுபோல விலாவோடு வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிறாராம். கை அப்படி இப்படி அசையவே இல்லையாம்.

"நல்லா தைச்ச கை," என்றாள் என் மனைவி, எல்லாம் முடிந்துவிட்டதுபோல.

வெளிநாட்டில் குடித்தனம் நடத்துகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. காதில் விழுகிற எந்தச் சேதியையும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்புவான். நான் மாடிப்படி இறங்குவதற்குள் அக்காவுக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது, யார் துணைக்குப் போவது என்பதெல்லாம் யோசித்து முடித்திருந்தேன்.

அக்காவின் கடை எங்கள் கட்டடத்தின் அடியில், சலவைக்கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வெளியே போய் நின்று வழிவிட வேண்டும். ஒரு தையல் மெஷின், ஓரம் அடிக்க ஒரு மெஷின், இஸ்திரி மேஜை, அளவு போட்டுப் பார்க்க ஒரு திரை, திரைக்குள் ஒரு கண்ணாடி. பேன்ட் கால் மடிப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களுக்குப் பிடிப்பது, பெருத்தவர்களுக்கு விடுவது. இதுதான் வேலை. நான் போனபோது கழுத்தில் அளவு நாடாவோடு தலை குனிந்து எதையோ பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கை எப்படி இருக்கு?"

"எந்தக் கை? உங்க நீலக் கோட்டுக் கையா? இன்னும் பிரிக்கவே இல்ல தம்பி. நாளைக்கு வாங்க."

"கோட்டுக் கை இல்லக்கா. உங்க கை."

அக்கா நிமிர்ந்தார். தன் கைகளை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, குரலே வராமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பால்கனிக்காரருக்குக் கண்ணு விளங்கலைன்னு போய்ச் சொல்லுங்க," என்றார்.

அப்புறம் வாசலை எட்டிப் பார்த்தார்.

"கதவைச் சாத்துங்க. ஒரு விஷயம் சொல்றேன். வெளிய போகக் கூடாது. முக்கியமா உங்க அண்ணன் காதுக்குப் போகக் கூடாது."

என் அண்ணன் என்பது அவருடைய வீட்டுக்காரர். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் எல்லோருக்கும் டிரைவர் அண்ணன். வேலையில் இருந்த காலத்தில் அவருக்கு ஷிஃப்ட் நேரம், அக்காவுக்குக் கடை நேரம். ஒருவர் தூங்கும்போது ஒருவர் எழுந்திருப்பார். எதிரெதிர்ப் பாதையில் போகிற இரண்டு பஸ் மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு குடும்பம் நடத்தினோம் என்று அக்காவே சொல்வார். ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் ஒரே பக்கம் நடக்கலாம் என்று நினைத்திருந்தார். அண்ணனைப் பழைய டிப்போ நண்பர்கள் கோல்ஃப் ஆடக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. கோல்ஃபில் தூர அடி அடிக்கிற பெரிய மட்டைக்கு டிரைவர் என்று பெயர். "டிரைவரைத் தூக்கிட்டு டிரைவர் போறாரு" என்று சாவிக்கடைக்காரர் தினமும் சொல்லித் தினமும் தானே சிரிப்பார்.

ஒரு நாள் அக்காவும் கூடப் போயிருக்கிறார். நண்பர்கள் ஒரு மட்டையைக் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். மட்டை பந்துக்கு மேலே காற்றில் போனது. மறுபடி. மறுபடியும் காற்று. அண்ணன் சிரித்துக்கொண்டே, "விடுங்கப்பா, அவ கைக்குத் துணிதான் வரும்," என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலை, அண்ணன் கிளப்புக்கு ஆடப் போனதும், இவர் நேரே பயிற்சி மைதானத்துக்குப் போய் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார்.

"அவங்க கிளப்புல ஜோடிப் போட்டி வருது," என்றார் அக்கா. "ஒரே பந்து. ஒரு அடி ஒருத்தர், அடுத்த அடி இன்னொருத்தர். அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பேரு குடுக்கணும். எனக்கு அவரோட ஜோடியா அந்தப் புல்லுல நடக்கணும் தம்பி. வேற ஒண்ணும் இல்ல."

"நேராக் கேட்டுடலாமே."

"கேட்டாக் கூட்டிட்டுப் போவாரு. பாவம்னு கூட்டிட்டுப் போவாரு. பாவத்துக்கு எதுக்கு நடக்கணும்? எனக்கு ஆட வரும்னு தெரிஞ்சு, அவரா கூப்பிடணும்."

"கூப்பிடலைன்னா?"

அக்கா பிரித்துக்கொண்டிருந்த துணியின் நூலை ஒன்று இழுத்து அறுத்தார். "இங்கயே இருக்கேன். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

மாடியில் நடந்தது அவருடைய வீட்டுப் பாடம். இரண்டு அக்குளிலும் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு அது விழாமல் மட்டை வீச வேண்டும் என்று கோச் செய்து காட்டியிருக்கிறார். அக்காவுக்குத் துண்டு விழக் கூடாது என்பது மட்டும் புரிந்திருக்கிறது. துண்டு விழவில்லை. மட்டையும் எழும்பவில்லை.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் சொல்லித் தருது. ஆனா பஸ் மாதிரிப் பேசுது, ஏறறதுக்குள்ள போயிடுது. நாளைக்கு நீங்க கூட வாங்க. ரெண்டு மொழியும் படிச்சவர் நீங்கதானே."

இரண்டு மொழியும் படித்தவன் நான்தான். அதுதான் பிரச்சினை என்று அப்போது தெரியவில்லை.

பயிற்சி மைதானம் பெரிய சாலையை ஒட்டி இருந்தது. ஒரு பக்கம் மட்டும் திறந்த நீளமான கொட்டகை, தரையில் பச்சைப் பாய்கள், எதிரே வெட்ட வெளி, மூன்று பக்கமும் மரத்தைவிட உயரமான வலை. காசு போட்டால் ஒரு இயந்திரம் கூடைக்குள் பந்துகளைக் கொட்டுகிறது. வகுப்பு நேரத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியாட்கள் வரக் கூடாது. எனக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளன் என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். கோச் உயரமான பெண், தொப்பி போட்டவர். என்னைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன். "அக்கா, கை சும்மா இருக்கணுமாம். கை உடம்போட சேர்ந்து போகணுமாம்."

"சும்மா இருக்கறது எந்தக் கை, போறது எந்தக் கை? இடதா, வலதா?"

கோச்சைக் கேட்டேன். இரண்டுமே என்றார்.

"ரெண்டு கையும்தானாம்."

"ரெண்டு கையும் சும்மாவும் இருக்கணும், போகவும் போகணும்." அக்கா யோசித்தார். "சரி. நம்ம வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை இருக்கற மாதிரி."

அடித்தார். பந்து பாயின் ஓரம் வரை உருண்டு, அங்கே நின்றுகொண்டது. கோச் தலையை ஆட்டினார், கை அதிகமாகப் போகிறது என்றார். சொன்னேன். அடுத்ததில் அக்கா கையை விறைப்பாக்கினார். கோச், கை போதவில்லை என்றார். அதையும் சொன்னேன். அக்கா மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில், ஒரே பேன்ட்டை நீளமாக்கவும் குட்டையாக்கவும் சொல்கிற வாடிக்கையாளரைப் பார்க்கும் பொறுமை இருந்தது.

எனக்கு வேர்த்தது. கோச் இன்னொன்றும் சொன்னார். பந்தில் பட்டதும் மட்டையின் தலையை இறுக்கிப் பிடித்து நிறுத்தாமல் போக்கில் திரும்ப விடவேண்டும். அதற்கு அவர்கள் மொழியில் ஒரே ஒரு சொல். நானும் ஒரே சொல்லில் சொன்னேன்.

"பட்ட உடனே விட்டுடுங்கக்கா."

அக்கா விட்டுவிட்டார்.

மட்டை காற்றில் இரண்டு மூன்று குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போய் வெளியின் நடுவில் விழுந்தது. கொட்டகையில் எல்லோரும் அடிப்பதை நிறுத்தினார்கள். பந்து பொறுக்கும் வண்டி நின்றது. நான் அந்த நாட்டை விட்டே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கோச் தொப்பியைக் கழற்றி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, இன்றைக்கு அடித்ததிலேயே உடம்பு முழுக்கத் திரும்பினது இந்த ஒரு முறைதான் என்றார்.

"என்ன சொல்லுது?"

"இதுதான் நல்லா இருந்துதாம்."

"பாத்தீங்களா," என்றார் அக்கா. "பந்துதான் போகல."

அன்று கடையில் உட்கார்ந்து இதைப் பிரித்துப் பார்த்தோம். கோச் மொழியில் மணிக்கட்டுக்குக் கீழே இருப்பதற்கு ஒரு சொல், மேலே தோள் வரை இருப்பதற்கு வேறு சொல். நமக்கு விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும் எல்லாம் கை. அக்கா கடையில் அதற்கு மேலே போர்த்தியிருக்கிற துணியும் கை. இவ்வளவு வயசாகியும் நான் இதைக் கவனித்ததே இல்லை. சும்மா இருக்க வேண்டியது கீழே இருக்கிற கை, அதாவது மட்டையைப் பிடித்திருக்கிற விரலும் மணிக்கட்டும். உடம்போடு போக வேண்டியது மேலே இருக்கிற கை.

"இவ்வளவுதானா?" அக்கா மேஜையில் ஒரு சட்டையை விரித்தார். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. கீழ இருக்கறதை 'விரல்'னு சொல்லுங்க. மேல இருக்கறதை 'சட்டைக்கை'ன்னு சொல்லுங்க. எனக்குக் குழப்பம் இருக்காது."

"சரி. விரல் சும்மா இருக்கணும். சட்டைக்கை உடம்போட சேர்ந்து போகணும்."

"சட்டைக்கையை உடம்போட சேக்கறதுதானே தம்பி என் பொழப்பு," என்றார் அக்கா. அப்போது அவர் முகத்தில் ஒன்று ஓடியது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் அக்கா தன் குர்த்தாவுக்கு மேலே அண்ணனின் பழைய டிரைவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பாயில் ஏறி நின்றார். மட்டையைத் தூக்கினார். டர்ரென்று ஒரு சத்தம். அக்குளிலிருந்து இடுப்பு வரை சட்டை வாய் பிளந்தது.

சட்டைக்கையை உள்பக்கமாக விலாவோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதுவும் மெஷின் தையல்.

"சேந்துதான் போகணும்னு சொன்னீங்க," என்றார்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நான் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். கோச் சிரிக்கவில்லை. கிழிந்த இடத்தை உற்றுப் பார்த்தார், அக்காவை மறுபடியும் மெதுவாக மட்டை தூக்கச் சொன்னார், பார்த்தார். பிறகு அக்காவின் நெஞ்சில் ஒரு விரலை வைத்துச் சொன்னதை நான் இந்த முறை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தேன். நெஞ்சு இன்னும் பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. அதற்குள் சட்டைக்கை மட்டும் தனியாகக் கிளம்பிவிட்டது. அதனால்தான் கிழிந்தது. நெஞ்சு திரும்பட்டும். திரும்புகிற நெஞ்சு சட்டைக்கையைத் தூக்கிக்கொண்டு போகும்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். "அதாவது பஸ் திரும்பினா உள்ள நிக்கறவங்களும் தானாத் திரும்புவாங்க. பஸ் நிக்கும்போதே இவங்க மட்டும் ஓடினா விழுவாங்க."

நான் அதைக் கோச்சிடம் சொன்னேன். கோச் தன் மற்ற மாணவர்களிடமும் இனிமேல் பஸ்ஸைத்தான் சொல்லப்போவதாகச் சொன்னார்.

பெஞ்சில் உட்கார்ந்து அக்கா பையிலிருந்து ஊசி நூலை எடுத்தார். இந்த முறை ஓட்டுத்தையல், அதுவும் நாலைந்து தையல்தான். அளவு சரியா என்று பார்க்க, இழுத்தால் உடனே வந்துவிடும்படி முதலில் ஓட்டி வைப்பார்களே, அது. அவர் கடையில் எந்தத் துணிக்கும் அது இல்லாமல் மெஷின் தையல் கிடையாது. ஏன் முதலிலேயே அப்படிச் செய்யவில்லை என்று கேட்டேன். "ஆசை கண்ணை மறைச்சிடுச்சு," என்றார்.

அப்புறம் வந்த காலைகள் எல்லாம் இதுதான். கோச், இடுப்பு உயரத்துக்கு மேல் மட்டையைத் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். பாதி வீச்சு. நெஞ்சு வலப்பக்கம் திரும்ப, சட்டைக்கை கூடவே போக, நூல் அறாமல் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது இடது காலில் எடை இறங்கி, இடுப்பு முதலில் திரும்பி, சட்டைக்கை பின்னால் வர வேண்டும். நூல் அறுந்தால் பெஞ்சுக்குப் போய் மறுபடி தைத்துக்கொண்டு வர வேண்டும். அக்கா அடித்ததைவிடத் தைத்ததுதான் அதிகம். பந்தை விட்டுவிட்டுப் பாயை வெட்டினார். பந்தின் தலையில் தட்டினார். ஒரு பந்து பக்கவாட்டில் போய் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் காலில் பட்டது. அதற்கப்புறம் நான் தூணுக்குப் பின்னால் நின்றே மொழிபெயர்த்தேன். ஒரு நாள் தோள் வலி என்று அக்கா சுருண்டுவிட்டார். நான் டாக்டர் என்று ஆரம்பித்தேன். "வெந்நீர் போதும், வாயை மூடுங்க," என்றார்.

ஒரு காலை, பேச்சுவாக்கில், எந்த ஆயத்தமும் இல்லாமல் ஒன்று அடித்தார். சத்தம் வேறு மாதிரி இருந்தது. தட்டுகிற சத்தம் இல்லை, ஒரு நல்ல கத்தரி முழுத் துணியை வெட்டி முடிக்கிறபோது கடைசியில் வருகிற சத்தம். பந்து நேரே எழுந்து, எங்களுக்குத் தெரியாத ஒரு வேலை அங்கே இருப்பதுபோல, போய்க்கொண்டே இருந்தது. அக்கா பந்தைப் பார்க்கவில்லை. அக்குளைப் பார்த்தார். வலப்பக்க நூல் அப்படியே இருந்தது. இடப்பக்கம் மட்டும் வீச்சின் முடிவில் அறுந்திருந்தது.

"போச்சா?" என்றார் கவலையாக.

கோச், அது அறுந்தால் பரவாயில்லை, பந்து போன பிறகு கை எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார். நான் சொன்னேன். அக்கா பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். கோச்சும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், தைக்கக் கொடுத்த கோட்டை வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, மட்டைகளை வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. என் பழைய யூனிஃபார்ம் சட்டை ஒண்ணைக் காணோம். பாத்தீங்களா?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினேன்.

"அது கிழிஞ்சு போச்சு," என்றார் அக்கா அடுப்படியிலிருந்து.

"போடாத சட்டை எப்படிக் கிழியும்?"

"வயசானாக் கிழியும்."

அண்ணன் நாற்காலிக்கடியில் கிடந்த துண்டை எடுத்தார். "இவ ஒரு நாள் மாடியில இதைக் கக்கத்துல இடுக்கிட்டு நின்னா தம்பி. கட்டிக்கிட்ட நாள்ல இருந்து இப்படி ஒரு மரியாதைய நான் பாத்ததில்ல. யாருக்கு முன்னாடின்னுதான் தெரியல."

"உங்களுக்கு முன்னாடி இல்ல, அது மட்டும் தெரியும்," என்றபடி அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு தரையில் கிடந்த ஒரு பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே கேட்டார். "ஜோடிப் போட்டிக்கு யாரு?"

"மெக்கானிக்தான். வேற யாரு? நாளைக்குப் பேரு குடுக்கணும்." டிப்போவில் அண்ணனோடு வேலை பார்த்தவர் மெக்கானிக். ஆட்டமும் அவரோடுதான். "ஜோடிப் போட்டின்னா லேசு இல்ல. நான் எங்க அடிச்சுப் போடறனோ அங்க இருந்து அவன் எடுத்து அடிக்கணும். முள்ளுல போட்டாலும் முணுமுணுக்காம எடுக்கணும்."

"நீங்க போட்ட இடத்துல இருந்து எடுக்கறது எனக்கு என்ன புதுசா," என்றார் அக்கா.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவ்வளவுதான். துடைக்கிற வேலையைத் தொடர்ந்தார். அக்கா என் கோட்டை மடித்துக் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிளம்பும்போது அண்ணன் வாசல் வரை வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவனிடம், "ஆமா தம்பி, காலையில நீங்களும் அக்காவும் எங்கயோ போறீங்களாமே," என்றார். "சலவைக்கடையில பேசிக்கறாங்க."

என் மனைவியிடம் வந்து சொன்னேன். ஊர் என்னைப் பற்றி இப்படிப் பேசுகிறதே என்று நான் பதற, அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "உங்களையா?" என்று ஒரு வார்த்தைதான் அவளால் சொல்ல முடிந்தது.

சனிக்கிழமை வகுப்பு தாமதமாக ஆரம்பித்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. அன்று நூல் வேண்டாம் என்று கோச் சொல்லிவிட்டார். அக்கா வெறும் கையோடு, அதாவது வெறும் சட்டைக்கையோடு நின்றார். பாதி வீச்சு, முக்கால் வீச்சு, அப்புறம் முழு வீச்சு. எல்லாப் பந்தும் பறக்கவில்லை. ஆனால் பறந்தவை தற்செயலாகப் பறக்கவில்லை. நெஞ்சு போனது, கை கூடப் போனது. இடுப்பு வந்தது, கை கூட வந்தது. நடுவில் யாரும் யாரையும் விட்டுவிட்டு ஓடவில்லை.

எதேச்சையாகத் திரும்பினேன். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணனும் மெக்கானிக்கும் நின்றிருந்தார்கள்.

அண்ணன் முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் கழுத்து அட்டையை எடுத்து அவருக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவர் பார்வை அட்டையிலிருந்து நகர்ந்து, தூணைத் தாண்டி, பாயில் நின்றது. அக்கா அப்போது மட்டையை மேலே கொண்டுபோயிருந்தார். அடித்தார். பந்து வலைக்குப் பக்கத்தில் போய் இறங்கும்வரை அண்ணன் இமைக்கவில்லை. அக்கா அடுத்ததை வைத்தார். அதுவும் போனது. மூன்றாவது கொஞ்சம் கோணலாகப் போனது. அக்கா தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டு, தோளை ஒரு முறை குலுக்கிவிட்டு, நான்காவதை நேராக அனுப்பினார்.

மெக்கானிக் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, "டிரைவரே, யாரு சொல்லிக் குடுத்தது? நீங்க இல்லைன்னு பாத்தாலே தெரியுது. நல்லா இருக்கு," என்றார்.

அண்ணன் இன்னும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு முட்டி வலிக்குதுன்னு சொல்லிடட்டுமா?" என்றார் மெக்கானிக்.

"உனக்கு எப்ப முட்டி வலிச்சுது?"

"இப்பதான். இந்த நாலாவது பந்துல இருந்து."

அண்ணன் திரும்பி நடந்தார். போகிற வழியில் கூரைத் தூணில் இடித்துக்கொண்டு, தூணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவருக்குக் கோபமா, வெட்கமா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் ஆட்டம் ஆடுகிற கிளப்பின் புல்வெளி தூரத்தில் இருந்தாலும், அதற்கும் இந்த மைதானத்துக்கும் ஒரே அலுவலகம்தான். கொட்டகைக்கு எதிரே கண்ணாடி போட்ட அறை, போட்டிக்குப் பெயர் கொடுப்பதும் அங்கேதான். அண்ணன் அதற்குள் போவதைப் பார்த்தேன்.

"அக்கா," என்றேன். "அண்ணன் வந்தாரு."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"கார் கதவு சாத்தின சத்தத்துலயே தெரியும்." பந்தை வைத்தார். "கை நடுங்கிச்சு தம்பி. விரல். சட்டைக்கை நடுங்கல. அதான் பந்து போச்சு."

"நாலு பந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு."

"பாத்தேன்." அக்கா மட்டையை வீசவில்லை. அறைப் பக்கமும் திரும்பவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோச் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன என்று கேட்டார். இதை எப்படி மொழிபெயர்ப்பேன்? கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பெஞ்சில் இருந்த அக்காவின் பைக்குள் போன் அடித்தது.

நான் எடுத்துப் பார்த்தேன். திரையில் அண்ணன் முகம், தொப்பியோடு, பாதிச் சிரிப்பில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் மேஜைக்கு முன்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மெக்கானிக் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முட்டியையும் அக்கறையாகத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவருதான். கூப்பிடறாரு."

அக்காவின் முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. மட்டையின் பிடியை மாற்றிப் பிடித்தார்.

"அடிக்கட்டும்," என்றார்.

"பன்னெண்டு ஆகப் போகுதுக்கா. பேரு குடுக்கற நேரம் முடிஞ்சுடும்."

"முடியாது. அந்த ஆபீஸ் பொண்ணு பேனாவைக் கையில வெச்சிருக்கும், பாருங்க."

"கட் ஆயிடுச்சுன்னா?"

"மறுபடி அடிப்பாரு. உங்க அண்ணனை எனக்குத் தெரியாதா?"

"நான் வேணா எடுத்து, இதோ வராங்கன்னு சொல்லிடவா?"

"வெச்சிடுங்க தம்பி. கூடையில இன்னும் கொஞ்சம் பந்து இருக்கு."

கோச்சுக்கு என்ன புரிந்ததோ, ஒரு பந்தை எடுத்து அக்காவின் முன்னால் தானே வைத்தார். அக்கா இடது காலை ஒரு முறை தூக்கி ஊன்றிக்கொண்டார். என் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பச்சைப் பொத்தானுக்கு மேல் என் கட்டைவிரல் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் இப்போது எங்கள் பக்கம் திரும்பி, போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஒரு கையைத் தூக்கினார். அக்காவின் நெஞ்சு மெல்ல வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. போன் அடித்துக்கொண்டிருந்தது.